சஸ்பென்ஸ் அக்கவுன்ட்!

பி.காம். படித்தவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. இன்ஜினீயரிடம் போய் யாரும், 'ஒரு பாலம் கட்டிக் கொடேன்' என்று கேட்பதில்லை. டாக்டரிடம்கூட ஓசியில் ஊசி கேட்கக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். ஆனால் தெருவில் பி.காம். ஒருத்தன் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் போதும்... சீட்டுக் கணக்கு, கும்பாபிஷேக வசூல் கணக்கு, வருமான வரிப் படிவம், பிள்ளையார் சதுர்த்தி மிச்சப் பணம் எல்லாம் அவன் வாசலில்தான் வந்து நிற்கும். கணக்கு இடித்தால் திட்டும் அவனுக்குத்தான்.

எங்கள் தெருவில் அந்த ஒருத்தன், அடியேன்.

போஸ்டாபீஸ் அம்மாவின் கரண்ட் பில்லும் இப்படித்தான் என் தலையில் விழுந்தது என்று சொன்னால் நம்புவீர்கள். ஆனால் அது பொய். நானேதான் வலியப் போய்த் தலையைக் கொடுத்தேன்.

போஸ்டாபீஸ் அம்மா எங்கள் எதிர்வீடு. 73 வயது. தபால் ஆபீஸ் கவுன்டரில் 35 வருஷம் உட்கார்ந்து எழுந்தவர். ஒரே மகன் வதோதராவில். இங்கே அம்மாவும், ஒரு துளசிச் செடியும், மகன் வாங்கி மாட்டிவிட்டுப் போன ஒரு ஏசியும் மட்டும். என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏண்டா பி.காம்!" என்பார். நாற்பதை நெருங்குகிற, முன்மண்டையில் மைதானம் போட ஆரம்பித்துவிட்ட ஒருவனை நடுத்தெருவில் 'டா' போட்டுக் கூப்பிட ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அம்மா ஏசி போடுகிற அழகைப் பார்க்க வேண்டும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நிற்பார். சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும். யூனிட்டைக் குறித்துக்கொள்வார். அன்றைக்கு ஏசி ஓடுமா, ஓடினால் எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அந்தத் தரிசனத்துக்குப் பிறகுதான் முடிவாகும்.

காரணம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் நம் மாநிலத்தில் கட்டணத்தை மாற்றினார்கள் அல்லவா? அந்தக் கணக்குப்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட் எரித்தால் பில் 1,725 ரூபாய். 501 யூனிட் எரித்தால் 1,958. ஆமாம், அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் கடைசி யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101-லிருந்து 200 வரை 2 ரூபாய் 25 காசுக்குக் கொடுத்தார்களே, அதையும் பின்னால் போய் 4 ரூபாய் 50 காசாக்கிவிடுவார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு, "இன்னும் ஒரு அப்பளம்" என்று கேட்டவனிடம் முதலில் போட்ட சாதத்துக்கும் சேர்த்துக் காசு வாங்குகிற ஹோட்டல் மாதிரி.

இந்த ரகசியம் தெரிந்த அம்மா 500-ஐத் தாண்ட விடவே மாட்டார். 2023 மே மாதம் அவருடைய ரீடிங் என்ன தெரியுமா? 498! "ரெண்டு யூனிட் கையிருப்பு வெச்சிருக்கேன்டா" என்றார். மத்திய பட்ஜெட் போடுகிறவர்கள் வந்து பாடம் கேட்டுக்கொண்டு போகலாம்.

பில் 1,713 ரூபாய்.

அந்த வருஷம் ஜனவரிக்கு முன்புவரை அம்மா வெள்ளை அட்டையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு கவுன்டருக்கு நடந்துதான் போவார். வரிசையில் நின்று, சில்லறை மாறாமல் கொடுத்து, ரசீது வாங்கி வந்து கம்பியில் குத்தி வைப்பார். கொக்கி போட்டு வளைத்த கம்பி. அதில் 1987-லிருந்து கட்டின ரசீதுகள் எல்லாம் பழுத்த வெற்றிலை நிறத்தில் அடுக்கடுக்காக இருக்கும். ஒருநாள் வரிசையில் நின்று திரும்பியவருக்கு வாசலில் மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார். என் மனைவிதான் மோர் கொடுத்தாள். நான் வசனம் பேசினேன்.

"எதுக்கும்மா இந்த வயசுல க்யூல நிக்கறீங்க? போன்ல ரெண்டு நிமிஷம். நான் கட்டறேன். உங்க கனெக்ஷனை என் அக்கவுன்ட்லயே சேர்த்துடறேன்."

"ரசீது?"

"அதுவும் போன்லயே வரும்மா. நான் பிரின்ட் எடுத்துத் தரேன்."

இரண்டு தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரசீது வந்தது, கம்பி ஏறியது. மூன்றாவது தடவைதான் இந்த 1,713.

மே 20, சனிக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம்தான் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறப்போவதாக ரிசர்வ் வங்கி அறிவித்திருந்தது. அம்மா மூன்று 500, இரண்டு 100, ஒரு பத்து ரூபாய் நோட்டு, மூன்று ஒற்றை ரூபாய் நாணயங்களை என் கையில் எண்ணிக் கொடுத்தார்.

"காகிதத்தையே நம்ப முடியலை. நீ என்னடான்னா காத்துல பணம் அனுப்பறேங்கறே" என்றார்.

"காத்துல இல்லம்மா, கணக்குல" என்றேன், பி.காம். தோரணையில். என் நாக்கில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது.

*

போனை எடுத்தேன். அக்கவுன்ட்டுக்குள் போனேன். பணம் கட்டு என்பதை அமுக்கினேன். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. 'பின்னால் போகாதீர்கள், பக்கத்தை மூடாதீர்கள்' என்று எச்சரிக்கை. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். வட்டம் சுற்றியது. சுற்றியது. திருப்பதியில் அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்கூட அதற்குள் மூன்று சுற்று முடித்திருப்பார்.

டிங்!

வங்கியிலிருந்து மெசேஜ்: 1,713 ரூபாய் பற்று வைக்கப்பட்டது. அப்பாடா என்று திரையைப் பார்த்தால், 'உங்களுக்கான நேரம் முடிந்துவிட்டது. மீண்டும் உள்ளே வரவும்' என்றது.

மீண்டும் உள்ளே போனேன். 'செலுத்த வேண்டிய தொகை: 1,713.'

பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "என்ன, கட்டியாச்சா?"

"பணம் போயிடுச்சு. ஆனா கட்டலை."

"அதெப்படி? போயிடுச்சுன்னா கட்டியாச்சு. கட்டலைன்னா போகலை."

நாலரை வருஷம் அரியர்ஸ் வைத்து நான் கற்றுக்கொண்ட கணக்கியலை அவள் இரண்டு வரியில் முடித்துவிட்டாள். கணக்கியலின் முதல் பாடமே அதுதான். பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. இங்கே தந்தவன் நான். அது வங்கிக்குத் தெரியும். பெற்றவர் யார்?

அதற்கும் பாடப் புத்தகத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்து இடித்தால், இடிக்கிற தொகையைத் தூக்கி ஒரு கணக்கில் போடுவார்கள். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். அதன் பெயர் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். கல்லூரியில் அதைப் படித்தபோது ஏதோ பாக்கெட் நாவல் தலைப்பு மாதிரி இருக்கிறதே என்று கடைசி பெஞ்ச்சில் சிரித்தோம். சிரித்ததற்கு இப்போது வட்டியும் முதலுமாக வந்துவிட்டது. அம்மாவின் 1,713 ரூபாய் அந்த நாவலுக்குள் போய்விட்டது.

"இன்னொரு தடவை கட்டிப் பாருங்களேன்" என்றாள் மனைவி. மாட்டேன் என்றேன். முதல் பணமே எங்கே போனது என்று தெரியாதபோது, அதைத் தேட இரண்டாவது பணத்தை அனுப்புவதா?

அடுத்த இரண்டு வாரமும் அந்த அக்கவுன்ட் எனக்குக் காட்டிய விளையாட்டு இருக்கிறதே... காலையில் பார்த்தால் 'நிலுவை 1,713' என்கும். மதியம் ஆபீஸில் பார்த்தால் 'நிலுவை இல்லை' என்கும். ஆஹா என்று ரசீது பக்கத்துக்குப் போனால், 'பதிவுகள் ஏதும் இல்லை.' ராத்திரி மறுபடியும் 1,713. சண்டை போட்ட மறுநாள் மனைவியின் முகம்கூட இவ்வளவு மாறாது. அந்த 'நிலுவை இல்லை'யைப் பார்த்த நிமிஷமே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவன் சாட்சி தேடுவதில்லை.

அம்மா முதல் வாரம் கேட்டார்: "ஏண்டா பி.காம், ரசீது வந்துதா?"

"வந்துடும்மா. சர்வர் ஸ்லோ."

"மெதுவா வரட்டும்டா."

எட்டாம் நாள் காய்கறி வண்டியருகே கேட்டார்: "ரசீது வந்துதாப்பா?" 'டா' போய் 'ப்பா' வந்திருந்தது. எனக்கு உறைக்கவில்லை.

பதினோராம் நாள். நான் பைக்கை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, ரொம்பப் பொறுமையாக, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"தம்பி, ரசீது வந்துங்களா?"

'ங்க'!

வேறு எந்த பாஷையிலாவது இப்படி ஒரு ஆயுதம் இருக்கிறதா தெரியாது. கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பேன். நமக்குப் பிரியமானவர்கள் திடீரென்று 'ங்க' போட்டால் கதவைச் சாத்துகிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. அம்மா என்னைத் திருடன் என்று நினைக்கிறாரா? நினைக்கமாட்டார். ஆனால் நினைக்காமல் இருப்பதற்கு நான் என்ன காகிதம் காட்டினேன்? அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு ரொம்பச் சுலபம். எண்ணிக் கொடுத்த பணம் என் கைக்கு வந்தது. அப்புறம் கட்டினதாகத் தகவல் இல்லை. பெறுபவரைப் பற்று வை. பெற்றவன் நான்தானே?

*

போன் போட்டேன். முதலில் பாட்டு. அப்புறம் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு. எல்லாம் அமுக்கி முடித்து ஒரு மனிதக் குரல் கிடைத்தது.

"எங்களுக்குப் பணம் வரலை சார். பேங்க்கைக் கேளுங்க."

பேங்க்கைக் கேட்டேன்.

"எங்ககிட்டயிருந்து போயிடுச்சு சார். அவங்களைக் கேளுங்க."

அவர்களைக் கேட்டேன். "பேங்க்ல போயிடுச்சுன்னு எழுத்துல வாங்கிட்டு வாங்க." பேங்க்கைக் கேட்டேன். "அவங்ககிட்ட வரலைன்னு எழுத்துல வாங்கிட்டு வாங்க." கல்யாணத்தில் சாம்பாரில் உப்பில்லை என்றால், பெண் வீட்டார் சமையல்காரரையும், சமையல்காரர் மளிகைக் கடையையும் கை காட்டுவது போல. இலையில் உட்கார்ந்திருக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

இதற்கு நடுவில் என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. கட்டணம் செலுத்தப்படவில்லை, மின்சாரம் துண்டிக்கப்படும் என்று. படித்தேன், சிரித்தேன், அழித்தேன். ஏனென்றால் 2022-ல் இதே மாதிரி ஒரு மெசேஜ் நாடு முழுக்க உலாவியது ஞாபகம் இருக்கிறதா? 'இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் கரண்ட்டைக் கட் பண்ணப் போகிறோம், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடுங்கள்' என்று. கூப்பிட்டவர்களின் வங்கிக் கணக்கைத் துடைத்துவிட்டார்கள். நம்பாதீர்கள், நம்பாதீர்கள் என்று போலீஸ் தொண்டை வறளக் கத்தியது. நானும் ஒழுங்காக நம்பவில்லை.

வந்தது அசல்.

திருடனும் அதே மாதிரி மெசேஜ் அனுப்புகிறான். ஆபீஸும் அதே மாதிரி அனுப்புகிறது. நம்பினால் பணம் போகும், நம்பாவிட்டால் கரண்ட் போகும். இதில் எது புத்திசாலித்தனம் என்று பி.காம். புத்தகத்தில் போடவில்லை.

*

ஜூன் 6, செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். மீட்டிங்கில் இருந்தேன். மனைவியிடமிருந்து எட்டு மிஸ்டு கால்.

"ஏங்க, போனை எடுக்கமாட்டீங்களா? எதிர்வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க!"

"யாரு?"

"லைன்மேன். பில் கட்டலைன்னு லிஸ்ட்ல பேர் இருக்காம். நான் போய்ச் சொன்னேன், கட்டியாச்சுன்னு. ரசீது காட்டுங்கன்னார். நான் எதைக் காட்ட?"

"அம்மா என்ன சொன்னாங்க?"

மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்.

"தெருவே கூடிடுச்சுங்க. மூணாவது வீட்டுக்காரர், 'உங்க பில்லை எதிர்வீட்டுத் தம்பிதானே கட்டறார்'னு கேட்டார். அதுக்கு அம்மா, 'இந்தத் தடவை அவர்கிட்ட பணமே கொடுக்கலை. நாந்தான் கட்ட மறந்துட்டேன். வயசாயிடுச்சில்ல'ன்னு சொல்லிட்டாங்க."

போனை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

35 வருஷம் கவுன்டரில் இருந்தவர். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது ஒரு ரூபாய் இடித்தாலும், அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்பினதில்லை என்று பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவர் தெருவே கேட்க, 'மறந்துவிட்டேன்' என்று சொல்லியிருக்கிறார். எனக்காக. அதுவும், நான் அந்தப் பணத்தை என்ன செய்தேன் என்று அவருக்கே தெரியாத நிலைமையில்!

லீவு சொல்லிவிட்டு ஓடினேன். கவுன்டர் மூடியிருந்தது. இனி மறுநாள் காலைதான்.

சாயங்காலம் அம்மா திண்ணையில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு மீட்டர் தரிசனம் இல்லை. பார்க்கத்தான் எதுவும் இல்லையே. அவருடைய இன்சுலின் மருந்து எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு வந்துவிட்டது. அம்மா வரவில்லை.

"எங்க வீட்ல வந்து படுத்துக்கங்கம்மா" என்று கூப்பிட்டேன்.

"பரவாயில்லைங்க தம்பி. ஒரு ராத்திரிதானே?"

அந்த ராத்திரி எங்கள் வீட்டில் ஏசி போட எனக்கு மனசு வரவில்லை. வியர்த்துக்கொண்டே போனைத் தடவிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மணிக்கு அக்கவுன்ட்டிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'காகிதமில்லா ரசீதுக்கு மாறுங்கள். மரங்களைக் காப்போம்.'

நல்லவேளை, போன் விலை ஞாபகம் வந்தது. சுவரில் எறியவில்லை.

*

மறுநாள் காலையில் கவுன்டரில் முதல் ஆளாக நின்றேன். என் கைப்பணம் 1,713, மறு இணைப்புக்கு உண்டான கட்டணம் இரண்டையும் நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண்மணி தட்டினார். கட்டக் கட்டக் கட்டக். ரசீது வந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 18 நாளாக நான் தவம் கிடந்த பொருள், ஒரு சாண் நீளக் காகிதம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சிடுசிடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "தினம் ரெண்டு பேர் இப்படி வர்றாங்க சார். திட்டு எங்களுக்குத்தான். இந்தப் பன்னிரண்டு இலக்க ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கு பாருங்க, இதை வெச்சு பேங்க்ல எழுத்துல கம்ப்ளெய்ன்ட் கொடுங்க. வாயால பேசாதீங்க" என்றார். ஒரு கவுன்டர் மனுஷி இரண்டு நிமிஷத்தில் சொன்னதை, அத்தனை பட்டன் அமுக்கியும் அந்த போன் சொல்லவில்லை.

அப்புறம்தான் நான் படித்தவன் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தேன். தேடினேன். 2019 செப்டம்பர் 20-ம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை ஒன்று கிடைத்தது. நம் கணக்கில் பணம் பிடித்து, வாங்க வேண்டியவருக்கு அது உறுதியாகவில்லை என்றால், ஐந்து நாளைக்குள் பணம் தானாகத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்ட ஈடு. அதுவும் நாம் கேட்காமலே கொடுக்க வேண்டுமாம்! வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இன்னொன்றும் கிடைத்தது. 2003-ம் வருஷ மின்சாரச் சட்டம், பிரிவு 56. கரண்ட்டைத் துண்டிக்கும் முன் எழுத்தில் 15 முழு நாள் நோட்டீஸ் தர வேண்டும். தகராறு இருந்தால், 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்து, கேட்கிற தொகையையோ, முந்தின ஆறு மாத சராசரியையோ, எது குறைவோ அதைக் கட்டினால், தகராறு தீரும்வரை ஃபியூஸில் கை வைக்க முடியாது. நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் ஒரு குறைதீர்ப்பாளர் என்று அதே சட்டத்தின் 42-ம் பிரிவில் படிக்கட்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாம் இருக்கிறது. நமக்குத் தெரிவதுதான் ஃபியூஸ் போன பிறகு.

வங்கிக்கு எழுதினேன். தேதி, தொகை, ரெஃபரன்ஸ் நம்பர், சுற்றறிக்கையின் தேதி, கீழே என் கையெழுத்து. பெயருக்குப் பக்கத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாக பி.காம். என்று போட்டேன்.

ஜூன் 20-ம் தேதி 1,713 ரூபாய் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. மே 25-க்குள் வந்திருக்க வேண்டியது. 26 நாள் தாமதம். நஷ்ட ஈடு எங்கே என்று இரண்டாவது கடிதம் போட்டேன். மூன்றாவதில் குறைதீர்ப்பாளரின் பெயரை எடுத்தேன். ஜூலைக் கடைசியில் 2,600 ரூபாய் வந்து விழுந்தது. பில்லைவிட நஷ்ட ஈடு அதிகம்! சஸ்பென்ஸ் அக்கவுன்ட் முடிக்கப்பட்டது. இரண்டு பக்கமும் டேலி.

ஆனால் டேலி ஆகாதது ஒன்று பாக்கி இருந்தது.

ரசீதையும், வங்கிக் கணக்கின் பிரின்ட்டையும், மூன்று கடித நகல்களையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். அந்த அரைமணி நேரம் நான் ஆடிட்டர் முன்னால் நிற்கிற கேஷியர் மாதிரி நின்றேன்.

"இந்த 2,600 உங்களுடையதும்மா. இருட்டுல உக்கார்ந்தது நீங்கதானே?" என்று நீட்டினேன்.

அம்மா பணத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மணியார்டர் தெரியுமில்ல? எத்தனை ஆயிரம் பேருக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கேன். பணம் போய்ச் சேர்ந்ததும் வாங்கினவங்க கையெழுத்தோட ஒரு சின்னக் காகிதம் அனுப்பினவங்களுக்குத் திரும்பி வரும். அந்தக் காகிதத்துக்காகத்தான் ஜனங்க கவுன்டர்ல காத்துக் கிடப்பாங்க. எதுக்குன்னு நினைக்கறே? பணத்துக்காகவா? ஊர்ல அம்மாகிட்டப் பணம் போய்ச் சேர்ந்துதா, நடுவுல போன ஆள் நல்லவனா... அது தெரியணும். ரசீதுங்கறது பணத்துக்கு இல்லைடா பி.காம், மனுஷங்களுக்கு."

நான் அந்த வாக்கியம் முழுவதையும் கேட்கவில்லை. 'டா'விலேயே நின்றுவிட்டேன்.

"என்னைச் சந்தேகப்பட்டீங்களாம்மா?"

"பட்டேன்" என்றார் பட்டென்று. "பதினைஞ்சு நாள் பட்டேன். உன்னைப் போய்ச் சந்தேகப்படறோமேன்னு நினைச்சுத்தான் ராத்திரி தூக்கமே வரலை. கரண்ட் இல்லாததால ஒண்ணும் இல்லை."

1,713 ரூபாய் எங்கே போனது என்று நானும், நான் எங்கே போனேன் என்று அவரும் தேடியிருக்கிறோம். போன பணத்துக்கு 5 நாள், அதற்கு மேல் நாளைக்கு 100 ரூபாய் என்று கணக்கு எழுதி வைத்த புண்ணியவான்கள், ஒரு கிழவியின் பதினைந்து நாள் தூக்கத்துக்கு என்ன ரேட் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் போடவில்லை. போடவும் முடியாது.

2,600-ஐ அம்மா கடைசிவரை வாங்கவில்லை. மறு இணைப்புக்கு நான் கட்டின தொகையை மட்டும், "அது என் வீட்டு ஃபியூஸ்" என்று சொல்லிச் சில்லறை மாறாமல் என் கையில் திணித்தார். ரசீதைக் கம்பியில் குத்தினார். அதன்மேல் இன்னொரு காகிதத்தையும் குத்தினார். பார்த்தேன். வங்கிக்கு நான் எழுதிய முதல் கடிதத்தின் நகல்.

அடுத்த பில் வந்தது. காலை பத்து மணிக்கு அம்மா மஞ்சள் பையோடும் குடையோடும் எங்கள் வாசலில் நின்றார்.

"நான் கவுன்டருக்குப் போறேன்."

"வெயில்ல மயக்கம் வரும்மா. இந்தத் தடவை போன்ல..."

"போனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வண்டியை எடுடா. உன் வீட்டு அட்டையையும் எடுத்துக்கோ."

இப்போதெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் லேட்டாகப் போகிறேன். மேனேஜர் காரணம் கேட்டால், "கரண்ட் பில் சார்" என்பேன். "ஆன்லைன்ல கட்டக் கூடாதா?" என்று மேலும் கீழும் பார்ப்பார். வரிசையில் முன்னால் அம்மா, பின்னால் நான்.

எங்கள் வீட்டிலும் இப்போது சுவரில் ஒரு கொக்கிக் கம்பி தொங்குகிறது.